கூரையைக் காலி செய்தவர்கள்: ஃபாஸ்டர் அண்ட் பார்ட்னர்ஸ் ஓர் அறிமுகம்

1991ஆம் ஆண்டு லண்டனுக்கு வடகிழக்கே ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தின் புதிய முனையம் திறக்கப்பட்டது. அதுவரை கட்டப்பட்ட பெரிய முனையங்கள் பலவற்றில் ஏசி இயந்திரங்கள் கூரையின் மேல் உட்கார்ந்திருக்கும். அவற்றிலிருந்து தடித்த காற்றுக் குழாய்கள் இறங்கும். கூடவே மின்கம்பிகளும் விளக்குகளும் வரும். அத்தனையையும் மறைக்க ஒரு பொய்க்கூரை போடப்படும். இவ்வளவையும் சுமப்பதால் கூரை கனக்கும். கனத்த கூரைக்கு நெருக்கமான தூண்கள் தேவைப்படும். மேலிருந்து வெளிச்சம் வர வழியில்லாததால் பட்டப்பகலிலும் விளக்கு எரியும்.

ஸ்டான்ஸ்டெட்டை வடிவமைத்தவர்கள் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியையே கழற்றிவிட்டார்கள். இயந்திரங்கள், பெட்டிகளை நகர்த்தும் பட்டைகள், ரயில் நிலையம் எல்லாம் பயணிகள் நடக்கும் தளத்துக்குக் கீழே போயின. கூரைக்கு மிஞ்சியவை இரண்டே வேலைகள்: மழையைத் தடுப்பது, வெளிச்சத்தை உள்ளே விடுவது. கூரை இலேசானதும், மேலே போகப் போகக் கிளை பிரியும் எஃகுத் தூண்களை 36 மீட்டர் இடைவெளியில் நிறுத்தினாலே போதும் என்றாகிவிட்டது. காற்றும் விளக்கும் அந்தத் தூண்களின் அடிப்பகுதியிலிருந்தே கிடைத்தன. அதற்குப் பிறகு உலகெங்கும் கட்டப்பட்ட எத்தனையோ விமான நிலையங்களில் உயர்ந்த, வெளிச்சமான, இலேசான கூரையைப் பார்க்கிறோம் என்றால், அந்தப் பழக்கத்தின் ஊற்றுக்கண்களில் ஸ்டான்ஸ்டெட் முக்கியமானது.

இதைச் செய்த கட்டடக்கலை நிறுவனம்தான் இன்று ஃபாஸ்டர் அண்ட் பார்ட்னர்ஸ் என்று அழைக்கப்படுகிறது. நிறுவியவர் நார்மன் ஃபாஸ்டர். லண்டனின் 'கெர்கின்' கோபுரம், பெர்லின் நாடாளுமன்றத்தின் கண்ணாடிக் குவிமாடம், கலிபோர்னியாவில் ஆப்பிள் நிறுவனத்தின் வட்ட வடிவத் தலைமையகம் ஆகியவற்றின் படங்களை எங்காவது பார்த்திருப்பீர்கள். மூன்றும் இவர்களுடையவை. படங்களைப் பார்ப்பவர்கள் வடிவத்தைத்தான் முதலில் பேசுவார்கள். அதில் தவறில்லை. ஆனால் இந்த நிறுவனம் ஏன் இவ்வளவு பெயர் பெற்றது என்று புரிந்துகொள்ள வேண்டுமானால் வடிவத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, கட்டடத்தின் உள்ளுறுப்புகளை எங்கே வைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். அவர்களின் மேதைமை அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு பெரிய கட்டடத்தில் என்னென்ன இருக்கின்றன? பாரத்தைத் தாங்குபவை: தூண், உத்தரம், தளம். வெயிலையும் மழையையும் தடுப்பவை: சுவர், கண்ணாடி, கூரை. கட்டடத்தை இயங்கவைப்பவை: லிஃப்ட், மாடிப்படி, தண்ணீர்க் குழாய், காற்றுக் குழாய், மின்சாரம். இவை எடுத்துக்கொண்டது போக மீதி இருப்பதுதான் மனிதர்களுக்கான இடம். வழக்கமான முறையில் கட்டடக் கலைஞர் முதலில் உருவத்தை வரைவார். பிறகு கட்டமைப்புப் பொறியாளர் வந்து தூண்களைக் கணக்கிடுவார். கடைசியில் ஏசி, மின்சாரப் பொறியாளர்கள் வந்து, கிடைத்த சந்து பொந்துகளில் தங்கள் குழாய்களை நுழைப்பார்கள். ஃபாஸ்டரின் நிறுவனத்தில் இவர்கள் எல்லோரும் முதல் நாளிலேயே ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தொடக்கத்தில் அரூப் போன்ற பொறியியல் நிறுவனங்களோடு சேர்ந்து இப்படி வேலை செய்தார்கள். பின்னாளில் பொறியாளர்களை நிறுவனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். குழாய் எங்கே போகும் என்ற கேள்வி கடைசியில் வராமல் முதலிலேயே வந்ததால், அதற்குப் புதிய விடைகள் கிடைத்தன.

மான்செஸ்டரிலிருந்து

நார்மன் ஃபாஸ்டர் 1935இல் பிறந்தவர். மான்செஸ்டரின் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் வளர்ந்தவர். 16 வயதில் பள்ளியை விட்டு, மான்செஸ்டர் நகர மன்ற அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்குப் போனார். விமானப்படையில் கட்டாயச் சேவை முடித்த பிறகு ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் சேர்ந்தார். அங்கே வரைபடங்கள்மீது ஆசை பிறந்தது. சிறுசிறு வேலைகள் பார்த்துக்கொண்டே மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் படித்து 1961இல் பட்டம் பெற்றார். பிறகு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு. அங்கே சந்தித்த இன்னொரு பிரிட்டிஷ் மாணவர் ரிச்சர்ட் ராஜர்ஸ்.

ஊர் திரும்பியதும் 1963இல் ஃபாஸ்டர், ராஜர்ஸ், ராஜர்ஸின் மனைவி சூ, பின்னர் ஃபாஸ்டரின் மனைவியான வெண்டி ஆகியோர் 'டீம் 4' என்ற பெயரில் தொழில் தொடங்கினார்கள். நான்கு ஆண்டுகளே நீடித்த அந்தக் கூட்டணி, ஸ்விண்டன் நகரில் ரிலையன்ஸ் கன்ட்ரோல்ஸ் என்ற மின்னணுத் தொழிற்சாலையைக் கட்டியது. பிரிட்டிஷ் தொழிற்சாலைகளில் அன்று அதிகாரிகளுக்கு முன்வாசல், தொழிலாளர்களுக்குப் பின்வாசல் என்பது எழுதாத சட்டம். இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் ஒரே கூரை, ஒரே வாசல். 1967இல் கூட்டணி பிரிந்தது. ஃபாஸ்டரும் வெண்டியும் ஃபாஸ்டர் அசோசியேட்ஸைத் தொடங்கினார்கள்.

ராஜர்ஸின் பெயரை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. தொழிற்சாலையில் செய்த பாகங்களைக் கொண்டுவந்து பொருத்திக் கட்டும் இந்தத் தலைமுறையின் பாணிக்கு 'ஹைடெக்' என்று பெயர் வந்தது. ராஜர்ஸும் இத்தாலியரான ரென்சோ பியானோவும் பாரிஸில் கட்டி 1977இல் திறக்கப்பட்ட பாம்பிடூ மையத்தில் குழாய்கள் எல்லாம் நீலம், பச்சை போன்ற வண்ணங்களோடு கட்டடத்துக்கு வெளியே தெரியும். உள்ளே தடையற்ற இடம் வேண்டும் என்ற ஆசை இருவருக்கும் ஒன்றுதான். ராஜர்ஸ் குழாய்களை வெளியே எடுத்துக் காட்டினார். ஃபாஸ்டர் பெரும்பாலும் அவற்றை அடக்கமாக வேறோர் இடத்தில் சேர்த்துவைத்தார்.

இப்ஸ்விச்சின் கறுப்புக் கண்ணாடி

இவர்களின் கட்டடங்களில் ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் நான் கெர்கினையோ ஆப்பிள் வளாகத்தையோ சொல்ல மாட்டேன். இங்கிலாந்தின் கிழக்கே, இப்ஸ்விச் என்ற நடுத்தர ஊரில் 1975இல் முடிந்த வில்லிஸ் ஃபேபர் காப்பீட்டு நிறுவன அலுவலகத்தைத்தான் சொல்வேன். உயரம் மூன்றே மாடி. மனை ஒழுங்கில்லாதது, பழைய தெருக்கள் வளைந்து நெளிந்து அதைச் சுற்றி ஓடுகின்றன. மனையின் நடுவே ஒரு பெட்டியை வைத்துவிட்டு மிச்சத்தை வாகன நிறுத்தமாக விடுவதுதான் அன்றைய வழக்கம். இவர்கள் கட்டடத்தை மனையின் விளிம்புவரை நிரப்பி, தெருவோடு சேர்ந்து சுவரையும் வளைத்துவிட்டார்கள்.

அந்தச் சுவர் முழுக்கக் கருமை கலந்த கண்ணாடி. சட்டங்கள் கிடையாது. கண்ணாடிப் பலகைகள் கூரை விளிம்பிலிருந்து ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்குகின்றன. மூலைகளில் சிறிய உலோகப் பிடிகள் மட்டுமே அவற்றை இணைக்கின்றன. அந்தக் காலத்தில் யாரும் இந்த அளவில் செய்து பார்க்காத வேலை இது. பகலில் எதிரே உள்ள பழைய வீடுகளும் தேவாலயமும் அந்தக் கண்ணாடியில் தெரியும். இரவில் உள்ளே விளக்கு எரியும்போது கண்ணாடி மறைந்து, தூண்களும் தளங்களும் வேலை செய்யும் மனிதர்களும் தெரிவார்கள்.

உள்ளே போனால் இன்னும் வியப்பு. நடுவில் எஸ்கலேட்டர்கள் மூன்று மாடிகளையும் இணைத்தபடி கூரைவரை ஏறுகின்றன. பெரும்பாலும் கடைகளிலும் ரயில் நிலையங்களிலும் எஸ்கலேட்டர் இருந்த காலத்தில் அலுவலகத்துக்கு அதைக் கொண்டுவந்தார்கள். லிஃப்டுக்குள் அடைபட்டுப் போகாமல் ஊழியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே மேலே போகட்டும் என்பதற்காக. மொட்டை மாடியில் புல்வெளியும் உணவகமும். தரைத்தளத்தில் ஊழியர்களுக்காக ஒரு நீச்சல் குளம்.

மின்கம்பிகள் ஓட, நிஜத் தளத்துக்கு மேலே கழற்றி மாட்டக்கூடிய இன்னொரு தளத்தைப் போட்டிருந்தார்கள். மேசைதோறும் கணினி வரும் என்று 1975இல் பெரும்பாலான அலுவலகங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. கணினிகள் வந்தபோது மற்ற நிறுவனங்கள் தரையை உடைத்துக்கொண்டிருக்க, இங்கே பலகையைத் தூக்கிக் கம்பியைப் போட்டு மூடினார்கள். ஒரு வடிவமைப்பு நல்லதா என்று கேட்டால் நான் காட்ட விரும்பும் சான்று இதுதான். 1991இல், கட்டி முடித்துப் பதினாறே ஆண்டுகளில், பிரிட்டனின் மிக உயர்ந்த பாதுகாப்புத் தகுதியான முதல் தரப் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. பழைய தேவாலயங்களும் அரண்மனைகளும் இருக்கும் பட்டியல் அது. நீச்சல் குளத்தின் மேல் பின்னர் தளம் போட்டு அலுவலக இடமாக்கிவிட்டார்கள்; ஆனால் குளத்தை அழிக்க அனுமதி இல்லாததால் அது அடியில் அப்படியே இருக்கிறது.

1978இல் நாரிச் நகரப் பல்கலைக்கழகத்தில் கட்டிய செய்ன்ஸ்பரி கலை மையத்திலும் இதே சிந்தனைதான். சுவரும் கூரையும் இரட்டை அடுக்கு. இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே ஆள் நடமாடும் அகலத்தில் எல்லாக் குழாய்களும் விளக்குகளும் அடங்கிவிட்டன. கலைப்பொருள்களுக்கு ஒரே நீண்ட கூடம் கிடைத்தது. இந்தக் கட்டடத்தைப் பார்த்த அமெரிக்கச் சிந்தனையாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர், இதன் எடை எவ்வளவு என்று ஃபாஸ்டரிடம் கேட்டார். விடை தெரியாத ஃபாஸ்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியும் பகுதியைவிட மண்ணுக்கடியில் புதைந்த காங்கிரீட்டின் எடை மிக அதிகம் என்று தெரியவந்தது. குறைந்த பொருளில் நிறைந்த பயன் என்ற அளவுகோல் அன்று முதல் அவர் பேச்சில் ஓயாமல் வருகிறது. பின்னாளில் அந்த அளவுகோலாலேயே அவருடைய நிறுவனத்தையும் மற்றவர்கள் அளந்தார்கள்.

தொங்கும் வங்கி

1979இல் ஹாங்காங் ஷாங்காய் வங்கி தன் தலைமையகத்துக்காகப் போட்டி நடத்தி ஃபாஸ்டரைத் தேர்ந்தெடுத்தது. ஃபாஸ்டரின் நிறுவனம் அதற்கு முன்பு வானளாவிய கட்டடம் எதையும் கட்டியதில்லை. உயர்ந்த கட்டடங்களில் லிஃப்ட், படிக்கட்டு, கழிப்பறை எல்லாவற்றையும் நடுவில் ஒரு காங்கிரீட் தண்டில் திணிப்பதுதான் உலக வழக்கம். இவர்கள் அவற்றை இரு ஓரங்களுக்குத் தள்ளினார்கள். தளங்களைக் கீழிருந்து தாங்குவதற்குப் பதிலாக, எட்டு எஃகுக் கம்பக் கூட்டங்களை நிறுத்தி, ஐந்து மட்டங்களில் குறுக்கே பெரிய முக்கோணச் சட்டங்களை மாட்டி, அவற்றிலிருந்து ஊஞ்சல் பலகைகளைப்போல் தளங்களைத் தொங்கவிட்டார்கள். அந்தச் சட்டங்கள் வெளியே முகப்பிலேயே தெரிகின்றன. கட்டடம் எப்படி நிற்கிறது என்பதைச் சாலையில் நின்றே படித்துவிடலாம்.

பலன்? நடுப்பகுதி காலி. பத்து மாடி உயரத்துக்கும் மேலான உள்வெளி கிடைத்தது. கட்டடத்துக்கு வெளியே பொருத்திய கண்ணாடிகள் சூரிய ஒளியைத் திருப்பி உள்ளே அனுப்புகின்றன. கட்டடத்தைக் குளிர்விக்கக் கடல்நீரைக் கொண்டுவந்தார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது தரைமட்டம். அடியில் சுவர்களே இல்லாமல் திறந்துவிட்டதால், உலகிலேயே மனை விலை மிக அதிகமான இடங்களில் ஒன்றில் பொதுமக்கள் வங்கிக்கு அடியிலேயே நடந்து போகலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் விடுமுறை பெற்ற பிலிப்பைன்ஸ் வீட்டுப் பணிப்பெண்கள் கூட்டம் கூட்டமாக அங்கே வந்து அமர்ந்து உண்டு, பேசி, இளைப்பாறுகிறார்கள். கோடீஸ்வர வங்கி ஒன்றின் நிழல் அவர்களுக்குக் கிடைத்தது, ஒரு பொறியியல் முடிவால்.

கட்டடம் 1986இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. செலவு ஏராளம், உலகின் மிக விலை உயர்ந்த கட்டடங்களில் ஒன்று என்று அப்போதே பேசப்பட்டது. ஃபாஸ்டரின் நிறுவனம் உலக அளவுக்கு வளர்ந்தது இதற்குப் பிறகுதான்.

1997இல் பிராங்க்ஃபர்ட்டின் 259 மீட்டர் உயர காமர்ஸ்பேங்க் கோபுரத்திலும் நடுத்தண்டை எடுத்துவிட்டார்கள். முக்கோணக் கட்டடத்தின் மூன்று முனைகளில் லிஃப்டும் படியும். நடுவே காற்றும் ஒளியும் போகும் வெற்றிடம். நான்கு மாடி உயரத் தோட்டங்கள் அதைச் சுற்றிச் சுருளாக ஏறுகின்றன. அலுவலக ஊழியர் தன் சன்னலைத் தானே திறந்துகொள்ளலாம். இவ்வளவு உயரத்தில் அது அன்று அபூர்வம்.

பெர்லினின் கதை வேறுவிதம். ஜெர்மனி ஒன்றிணைந்த பிறகு பழைய ரைக்ஸ்டாக் கட்டடத்தை மீண்டும் நாடாளுமன்றமாக்க நடந்த போட்டியில் ஃபாஸ்டர் முதலில் முன்வைத்தது குவிமாடமே இல்லாத, பெரிய பந்தல் போன்ற கூரை. குவிமாடம் வேண்டும் என்று வற்புறுத்தியவர்கள் ஜெர்மன் அரசியல்வாதிகள். இன்று அவருடைய பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வரும் உருவம் அவர் விரும்பிக் கேட்டதல்ல. ஆனால் கட்டித்தான் ஆக வேண்டும் என்றானபோது அதற்கு வேலை கொடுத்தார்கள். நடுவில் தொங்கும் கூம்பில் 360 கண்ணாடிகள். அவை பகல் ஒளியைக் கீழே அவைக்குள் இறக்குகின்றன. அவையின் சூடான காற்று அதே கூம்பின் வழியாக மேலே வெளியேறுகிறது. பொதுமக்கள் சுருள் பாதையில் ஏறி, தங்கள் பிரதிநிதிகளின் தலைக்கு மேலே நடக்கிறார்கள். 1945இல் சோவியத் வீரர்கள் சுவர்களில் கிறுக்கிய எழுத்துகளையும் அழிக்காமல் விட்டார்கள். 1999இல் இது திறக்கப்பட்டது. அதே ஆண்டு கட்டடக்கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் ஃபாஸ்டருக்குக் கிடைத்தது.

பெயர் யாருக்கு?

தொடக்கநிலை வாசகர்கள் அடிக்கடி குழம்பும் இடம் இது. 'ஃபாஸ்டர் கட்டியது' என்கிறோம். ஆனால் லண்டனில் தேம்ஸ் கரையில், பாட்டர்சீ பாலத்தருகே உள்ள அவர்களின் அலுவலகத்தில் தடுப்பறைகள் இல்லாத நீண்ட கூடத்தில் பெரும் கூட்டமே வேலை செய்கிறது. உலகெங்கும் கிளைகள் உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பணியாற்றுகிறார்கள். ஸ்டான்ஸ்டெட்டில் ஸ்பென்சர் டி கிரே, ஹாங்காங்கிலும் பெர்லினிலும் டேவிட் நெல்சன் போன்ற சக கட்டடக் கலைஞர்களின் உழைப்பு பெரியது. 1989இல் மறைந்த வெண்டி ஃபாஸ்டரின் பங்கு நெடுங்காலம் போதிய அளவு பேசப்படவேயில்லை. 2004இல் பிரிட்டனின் முக்கியமான கட்டடக்கலைப் பரிசான ஸ்டர்லிங் பரிசு பெற்ற, 180 மீட்டர் உயர கெர்கின் கோபுரத்தை உருவாக்கியதில் நிறுவனத்தின் கட்டடக் கலைஞர் கென் ஷட்டில்வொர்த்துக்கு எவ்வளவு பங்கு என்ற விவாதம், அவர் வெளியேறித் தனி நிறுவனம் தொடங்கியபோது பத்திரிகைகளில் எழுந்தது.

கெர்கினிலும் இடமாற்றம் உண்டு. பாரத்தைத் தாங்குவது வெளிப்புறத்தில் குறுக்கும் மறுக்குமாக ஓடும் எஃகுப் பின்னல். அதனால் நடுத்தண்டுக்கும் முகப்புக்கும் இடையில் தூணே இல்லை. மாடிக்கு மாடி சற்றுத் திரும்பும் முக்கோண வெட்டுகள் வழியாகக் காற்று உள்ளே வந்து ஏசியின் தேவையைக் குறைக்கும் என்பது திட்டம். ஆனால் பல நிறுவனங்கள் மாடிகளைத் தனித்தனியாக வாடகைக்கு எடுத்துத் தடுப்புகள் போட்டதால், அந்தக் காற்றோட்டம் நினைத்த அளவுக்குப் பயன்படவில்லை என்று விமர்சகர்கள் சுட்டினார்கள். ஸ்டான்ஸ்டெட்டிலும் நடந்தது இதுதான். வாசலிலிருந்தே விமானம் கண்ணில் படும் அளவுக்குத் திறந்து கிடந்த கூடத்தைக் கடைகள் நிறைத்துவிட்டன. கட்டியவரிடமிருந்து கை மாறிய பிறகு ஒரு கட்டடம் யாருடைய சொல்லைக் கேட்கும் என்பது வரைபடத்தில் அடங்காத விஷயம்.

தவறியதும் உண்டு. தேம்ஸ் நதியின் குறுக்கே சிற்பி அந்தோணி காரோவுடனும் அரூப் பொறியாளர்களுடனும் சேர்ந்து வடிவமைத்த மில்லேனியம் நடைபாலம் 2000 ஜூன் 10 அன்று திறக்கப்பட்டது. கூட்டம் ஏறியதும் பாலம் பக்கவாட்டில் ஆடியது. ஆட்டத்துக்கு ஈடுகொடுக்க மக்கள் காலை ஒருசேர எடுத்துவைக்க, ஆட்டம் மேலும் கூடியது. இரண்டே நாளில் மூடினார்கள். அதிர்வை உறிஞ்சும் கருவிகளைப் பொருத்தி 2002இல்தான் மீண்டும் திறந்தார்கள். இந்த நிகழ்வு அதன்பின் பாலப் பொறியியல் பாடமாகவே ஆனது.

எடை பற்றிய பழைய கேள்வி

இன்று இந்த நிறுவனத்தின் மீதுள்ள கடுமையான விமர்சனம் ஃபுல்லரின் கேள்வியிலிருந்தே வருகிறது. எஃகும் சிமென்டும் தயாரிக்கும்போதே பெருமளவு கரியமில வாயு வெளியேறுகிறது. 2018இல் அவர்களுக்கு மூன்றாவது ஸ்டர்லிங் பரிசைப் பெற்றுத் தந்த லண்டனின் ப்ளூம்பெர்க் அலுவலகம், தண்ணீரையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்துவதில் முன்னோடி. ஆனால் அதற்கு ஜப்பானிலிருந்து 600 டன் வெண்கலமும் இந்தியாவிலிருந்து ஏராளமான கருங்கல்லும் வந்தன. இதைப் பசுமைக் கட்டடம் என்று சொல்லலாமா என்று பலர் கேட்டது நியாயமான கேள்வி. காலநிலை நெருக்கடியை ஏற்றுச் செயல்பட உறுதிகூறும் 'ஆர்க்கிடெக்ட்ஸ் டிக்ளேர்' அமைப்பில் முதலில் கையெழுத்திட்டவர்களில் இந்த நிறுவனமும் ஒன்று. விமான நிலையங்கள் கட்டுவது பற்றிய கருத்து வேறுபாட்டால் 2020 டிசம்பரில் அதிலிருந்து விலகியது. 2021இல், கெர்கினுக்குப் பக்கத்தில் 'ட்யூலிப்' என்ற 305 மீட்டர் பார்வைக் கோபுரம் கட்ட அவர்கள் கொடுத்த திட்டத்தை பிரிட்டிஷ் அரசு நிராகரித்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, வெறும் காட்சிக்காக அத்தனை காங்கிரீட்டா என்பது. அந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். இப்ஸ்விச்சைக் கட்டியவர்களிடம் அதைவிடக் கூடுதலாக எதிர்பார்க்க நமக்கு உரிமை இருக்கிறது.

நமக்கு அருகிலும் இவர்களின் பெயர் அடிபட்டது. ஆந்திரப் பிரதேசத்தின் புதிய தலைநகரான அமராவதியின் அரசு வளாகத் திட்டத்தை வரைந்தவர்கள் இவர்களே. 2019இல் ஆட்சி மாறியதும் நின்றுபோன பணிகள், 2024இல் மீண்டும் ஆட்சி மாறிய பிறகு உயிர்பெற்றன.

நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நடுமுற்றத்துக்கு 2000இல் இவர்கள் போட்ட கண்ணாடிக் கூரைக்கு அடியில் கட்டணமின்றி நிற்கலாம். அதிலுள்ள 3,312 கண்ணாடிப் பலகைகளில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. நடுவில் உள்ள வட்ட வாசிப்பறை முற்றத்தின் சரியான மையத்தில் இல்லாததால் அப்படி வெட்ட வேண்டியதாயிற்று. பெர்லின் குவிமாடத்துக்கும் கட்டணமில்லை, ஆனால் முன்பதிவு செய்ய வேண்டும். ஹாங்காங் வங்கிக்கு ஞாயிற்றுக்கிழமை போங்கள். இப்ஸ்விச்சுக்கு லண்டனின் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து ரயில் இருக்கிறது. பகலில் ஒரு முறையும், விளக்கேற்றிய பிறகு ஒரு முறையும் அந்தக் கட்டடத்தைச் சுற்றி நடக்க நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.